தன்சல் சேரும் இரண்டு வரிசைகளும்

மாத்தளை நகரத்தில் காசு வாங்கவே தெரியாத மனிதர் என்று ஒருவருக்குப் பட்டம் கட்டுவதானால், போட்டியே இல்லாமல் அது எங்கள் டியூஷன் வாத்தியார் தன்சல் சேருக்குத்தான் போகும். அப்பேர்ப்பட்ட மனிதர்தான், நல்ல பல்கலைக்கழகங்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே தீர்மானிக்கட்டும் என்று சொல்லி ஊர் முழுவதையும் பகைத்துக்கொண்டார். நீங்கள் நம்ப மாட்டீர்கள். எதிரே உட்கார்ந்து என் காதாலேயே கேட்ட நானே முதலில் நம்பவில்லை.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் வேறு. அது அவருடைய அடையாள அட்டைக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். புத்தரின் பண்டிகையான வெசாக் காலத்தில் வீதியோரம் பந்தல் போட்டு, போவோர் வருவோருக்கெல்லாம் சும்மா சாப்பாடு கொடுக்கிறார்களே, அதற்குப் பெயர் தன்சல். அங்கே யார், எவர் என்ற விசாரணை கிடையாது. காசு என்ற பேச்சு அறவே கிடையாது. உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கும் எங்கள் சேரின் வகுப்பும் அப்படித்தான் நடந்தது. காலையில் தொடங்கும் வகுப்பு பகல் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போகும். மாத முடிவில் பிள்ளைகள் காசை நீட்டினால், "வீட்டுல அரிசி இருக்கா?" என்று கேட்பார். இருக்கு சேர் என்று சொல்லும் பிள்ளையிடம்கூட அரை மனதோடுதான் வாங்குவார்.

டியூஷன் நடக்கும் எங்கள் டியூட்டரி, ஹாஜியாரின் வாசனைத் திரவியக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே மிளகு புடைக்கும் நாட்களில் இரண்டு வகுப்புகளும் சேர்ந்து தும்மும். ஒரு பக்கம் சேரின் இரசாயனம், மறுபக்கம் என் வரலாறு, நடுவில் ஒரு மெல்லிய பலகை. சேருக்கு மெதுவாகப் பேச வராது. கண்டி இராச்சியம் எப்போது வீழ்ந்தது என்று நான் கேட்டதற்கு, என் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று, "சமநிலை அடைந்த பிறகு சேர்" என்றான். அவன் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு எனக்கும் சமநிலைதான் நன்றாக விளங்கியிருந்தது.

வாடகை வாங்க மாடியேறி வரும் ஹாஜியார், சேரின் மேசையையும் அதன் மேல் ஒன்றும் இல்லாததையும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்.

"சேர், நீங்க செய்றது யாபாரமா, சதக்காவா? தர்மம்தான்னா சொல்லிடுங்க. வாடகைய நானும் நன்மைக் கணக்குல சேத்துக்கிறேன்."

"ரெண்டும்தான் ஹாஜியார். கலவை."

"கலவைக்கு நான் எப்பிடி சேர் ரசீது எழுதுற?"

வெசாக் வந்துவிட்டால் சேரைப் பிடிக்கவே முடியாது. பழைய ஸ்கூட்டரில் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு உக்குவளையில் புறப்பட்டாரென்றால் தம்புள்ளைக்குப் போய்த்தான் ஓய்வார். வழியிலுள்ள அத்தனை தன்சல் வரிசையிலும் நிற்பார். வீட்டில் சமைக்கிறதே இல்லை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள் என அந்த அம்மா தலையில் அடித்துக்கொள்வார். சேருக்கு அது ஆராய்ச்சி. மறுநாள் வகுப்பில் பரீட்சைக்குப் போலவே பெறுபேறுகள் வெளியாகும். "உக்குவளை மரவள்ளி, அதி திறமை. நாவுல டவுன் கடலை, திறமைச் சித்தி. தம்புள்ளை ஐஸ்கிரீம், வரிசை நீளம், சாமான் தண்ணி, சாதாரண சித்தி."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. படிப்பிலும் ஆராய்ச்சியிலும் நன்றாகச் செய்யும் அரச பல்கலைக்கழகங்களுக்குக் கட்டண விஷயத்தில் கொஞ்சம் சுதந்திரம் கொடுக்கலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்களாம். இந்த நாட்டில் பல்கலைக்கழகம் வரைக்கும் படிப்பு இலவசம். அதில் கைவைத்தால் மலையில் இருப்பவரும் கடற்கரையில் இருப்பவரும் ஒன்றாக எழும்பிவிடுவார்கள். நானும் எழும்பினேன். பத்திரிகையை மேசையில் அடித்து, "பார்த்தீங்களா அநியாயத்த!" என்றேன்.

சேர் பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே, "குடுக்கட்டும்" என்றார்.

"எத?"

"சுதந்திரத்த. நல்லா செய்ற கம்பஸுக்கு."

நான் போட்ட சத்தத்தில் கீழே ஹாஜியார் தராசை நிறுத்திவிட்டார். சேர் அசையவில்லை. போன வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகக் கம்பஸுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். எப்படி மறப்பது? ஒரு பொருளுக்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் இயந்திரம் ஒன்றைப் பல வருடங்களாகக் கரும்பலகையில் கீறிக் கீறியே படிப்பித்தவர், அதை நேரிலேயே காட்டுகிறேன் பாருங்கள் என்று பஸ் பிடித்து அழைத்துப் போனார். அங்கே அந்த இயந்திரம் மேசைவிரிப்பால் மூடிக் கிடந்தது. விரிப்பின் மேல் எப்போதோ ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு சின்னப் பாகம் வர வேண்டும், மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார் ஆய்வுகூடத்தில் இருந்தவர். பிள்ளைகள் மேசைவிரிப்போடு நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது சேர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை. எனக்கு அன்று பயமாகவே இருந்தது.

"நல்ல நல்ல பேராசிரியர் எல்லாம் ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டாங்க" என்றார் சேர். "மிஞ்சினவங்க ஒரு பல்ப் மாத்தவும் கொழும்பத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. கார்ல வந்து எறங்குற புள்ளகிட்ட கொஞ்சம் வாங்கு, அதுல மிசின திருத்து, மிச்சத்துல தோட்டத்து லயத்துப் புள்ளைக்கு ஒழுங்கா ஒரு கட்டில் போடுன்னு அவுங்களுக்கு ஒரு உரிமைய குடுத்தா என்ன கொறைஞ்சு போகும்?"

"இன்னைக்கு கார்ல வர்றவங்கிட்ட கேப்பாங்க. நாளைக்கு பஸ்ல வர்றவங்கிட்ட. அப்புறம் நடந்து வர்றவங்கிட்டயும்தான்" என்றேன்.

"அடடா, நல்ல பாயிண்ட்!" என்று துள்ளி எழுந்தவர், அதைக் கொண்டுபோய்க் கரும்பலகையில் எழுதிக் கீழே கோடும் போட்டார். அவரோடு சண்டை பிடிப்பதில் இது ஒரு பெரிய தொல்லை. நாம் ஏதாவது உருப்படியாகச் சொல்லிவிட்டால் நம்மைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்படுவார். அதற்குப் பிறகு எப்படிச் சண்டையைத் தொடருவது? சுண்ணக்கட்டித் தூளைத் தட்டிவிட்டு, "வாதாடி என்ன செய்ய? பரிசோதனை செஞ்சு பாப்போம்" என்றார்.

ஒவ்வொரு வெசாக்குக்கும் எங்கள் டியூட்டரி வாசலில் ஒரு மரவள்ளித் தன்சல் நடக்கும். ஹாஜியார் தேங்காயும் விறகும் கொடுப்பார். பிள்ளைகள் கிழங்கு உரிப்பார்கள். மிளகாய்ச் சம்பல் மட்டும் சேரின் கைப்பக்குவம். அந்த வருடம் சேர் இரண்டு பலகைகள் எழுதிக்கொண்டு வந்து நின்றார். ஒன்றில் "இயன்றதைக் கொடுப்பவர்கள்" என்றும் மற்றதில் "சும்மா சாப்பிடுபவர்கள்" என்றும், சிங்களத்திலும் தமிழிலும், கொட்டை எழுத்தில்.

ஹாஜியார் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "யா அல்லாஹ்! சேர், தன்சல்ல காசு வாங்கினா இந்த ஊரு மன்னிக்காது. நான் கறுவா வெலைய கூட்டினாலும் மன்னிக்கும், இத மன்னிக்காது."

"கட்டாயம் இல்ல ஹாஜியார். விரும்பினவங்க குடுக்கட்டும். ரெண்டு வரிசையிலயும் ஒரே கெழங்கு, ஒரே சம்பல். வசதியுள்ளவங்க தானா அந்தப் பக்கம் போவாங்க பாருங்க."

முதலில் வந்து நின்றது ஒரு பளபளக்கும் ஜீப். இறங்கிய கனவான் இரண்டு பலகைகளையும் நிதானமாக வாசித்தார். பிறகு குடும்பத்தோடு போய்ச் சும்மா சாப்பிடுபவர்கள் வரிசையில் நின்றார். நான் மெதுவாகக் கிட்டப் போய்ச் சிங்களத்தில் மற்ற வரிசையைக் காட்டினேன். "தன்சல்ல சும்மா வாங்கினாத்தானே மல்லி குடுக்கிறவங்களுக்குப் புண்ணியம்? உங்க புண்ணியத்த நான் ஏன் கெடுக்கணும்?" என்று என்னைத் தம்பி முறை சொல்லிக் கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் சம்பல் வைக்கச் சொன்னார். அவருக்குப் பின்னால் வந்த கார்களும் வேன்களும் எங்கள் புண்ணியத்தின் மேல் அதே அக்கறையோடு இருந்தன.

அதன் பிறகு இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து ஒரு லொறி நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். பலகைகளைப் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ குசுகுசுத்தார்கள். அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, ஒருத்தி பாக்கியில்லாமல் காசு கொடுக்கும் வரிசையில் போய் நின்றார்கள்.

சேர் பதறிப்போய் ஓடினார். வரிசையின் முன்னால் நின்றது பாக்கியக்கா. சேரின் வகுப்பில் அந்த முறை இரசாயனத்தில் அதி திறமை எடுத்த நிரோஷினியின் அம்மா.

"அக்கா, உங்களுக்கு அந்த வரிசைங்க."

பாக்கியக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் சேர்? என் மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கா?"

சேர் வந்த வழியே திரும்பினார். பிறகு போய் இரண்டு பலகைகளையும் பிடுங்கி அடுப்புக்குள் போட்டுவிட்டு, "எல்லாரும் ஒரே வரிசைங்க! ஒரே வரிசை!" என்று கத்தினார். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அந்தப் பெண்களில் ஒருத்தியும் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில் அதைப் புத்த கோயிலான பன்சலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

பலகைகள் எரிவதற்கு முன்பே யாரோ போனில் படம் எடுத்துவிட்டார்கள். தன்சலில் காசு வசூலிக்கும் டியூஷன் மாஸ்டர் என்று பேஸ்புக்கில் சேர் பிரபலமானார். கம்பஸில் காசு வாங்கச் சொல்கிறவரும் இதே ஆள்தான் என்று கீழே யாரோ துப்புக் கொடுத்திருந்தார்கள். அடுத்த கிழமை வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் பாதி வாங்கு காலி. வாழ்க்கையில் ஒழுங்காகக் கட்டணம் வாங்கியே பழகாத மனிதரைக் கொள்ளைக்காரன் என்று ஊர் திட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில், கட்டணம் வேண்டாம் என்ற கட்சிக்காரனான நானே அவருக்காக நாலு பேரோடு சண்டை பிடித்தேன்.

சேர் அதையெல்லாம் பெரிதாக எடுக்கவில்லை. அவரை உடைத்துப் போட்டது பாக்கியக்கா மாடியேறி வந்து சொன்ன விஷயம்தான். நிரோஷினி கம்பஸுக்கு விண்ணப்பிக்கப் போவதில்லையாம். சீகிரியாவில் மாமன் வேலை செய்யும் ஹோட்டலில் அவளுக்கும் ஒரு வேலை பேசியாகிவிட்டதாம்.

"விண்ணப்பம் முடியப் போகுதே அக்கா! நல்ல புள்ளி எடுத்த புள்ள!" என்று நான் அலறினேன்.

"கம்பஸ்ல காசு கேப்பாங்கன்னு சொல்றது ரோட்டுல போறவங்க இல்லீங்க. எங்க சேரே சொல்றாரு. வெவரம் தெரிஞ்ச மனுசன் சொன்னா அது வரத்தானே போகுது? பாதியில காசு கேட்டு, பாதியில வீட்டுக்கு வர்றதுக்கு, போகாமலே இருக்கட்டும்."

பாவம், தன் வாழ்நாள் முழுவதும் யாருமே காதில் போட்டுக்கொள்ளாத அபிப்பிராயங்களைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். முதல் தடவையாக ஒருவர் அவரை நம்பிவிட்டார். அந்த நம்பிக்கை அவருடைய மிகக் கெட்டிக்கார மாணவியைத் தட்டுக் கழுவ அனுப்பப் போகிறது.

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்பட்டார். பஸ் போகும் தூரம் வரை பஸ்ஸில், மிச்சத்தை மழையில் நடந்து. அட்டைக்குப் பயந்து சேர் இரண்டு சப்பாத்துக்குள்ளும் உப்பைக் கொட்டியிருந்தார். உப்பு மழையில் கரைந்து ஓட, அட்டைகள் ஆளை விடவில்லை. லயத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மனிதர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தாவது பாக்கியக்கா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எங்களை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், சிரிக்கவில்லை.

"அக்கா, உங்க புள்ளைகிட்ட வாங்கணும்னு நான் சொல்லவே இல்லீங்க" என்று சேர் தொடங்கினார். "இருக்கிறவங்ககிட்ட வாங்கி, இல்லாதவங்களுக்கு..."

"அது எனக்கு வெளங்குது சேர். இருக்கிறவங்க குடுத்துட்டுப் போகட்டும், எனக்கென்ன? ஆனா எம் புள்ள ஒரு மேசைக்கு முன்னால போயி நின்னு, எங்களுக்கு இல்லீங்கன்னு சொல்லணுமே. அங்க உக்காந்திருக்கிறவங்க மேலயும் கீழயும் பாப்பாங்களே. அன்னைக்கு நீங்க என்னைய பாத்த மாதிரி."

சேருக்கு இப்படியெல்லாம் நடக்கும் என்று ஒரு பரிசோதனைக் குழாயும் சொல்லிக் கொடுத்திருக்காது.

"அவுங்க இங்க வந்து, இந்த வாசல்ல நின்னு, உங்க புள்ளைக்கு ஒண்ணும் வேணாம்மா, அனுப்பி வையிங்கன்னு முதல்ல சொல்லட்டும். அப்புறம் யாருகிட்ட வேணும்னாலும் வாங்கட்டும். வருவாங்களா?" என்றார் பாக்கியக்கா.

கதவோரம் நின்ற நிரோஷினி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சேர், எனக்கு அந்த துணிய எடுத்துட்டு மிசின பாக்கணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சேர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பும்போது, "அடுத்த கிழமை டவுன் ஹோல்ல கூட்டம் இருக்குக்கா. நீங்க வரணும். நீங்க கேட்டத நான் கேக்குறேன்" என்றார்.

அந்தக் கட்டண யோசனை பற்றி மக்களின் கருத்தைக் கேட்பதற்காகக் கொழும்பில் இருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். திரையில் படம் காட்டினார். வெளிநாடுகளைக் காட்டினார். உயர்ந்துகொண்டே போகும் கோடுகளைக் காட்டினார். மண்டபம் கொதித்துக்கொண்டிருந்தது. சேர் எழுந்ததும், தன்சல் கொள்ளைக்காரன் வந்துட்டான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சேர் அந்தப் பக்கம் திரும்பி மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுச் சிங்களத்தில் பேசினார்.

நல்ல பல்கலைக்கழகத்துக்குச் சுதந்திரம் கொடுங்கள் என்றுதான் இப்போதும் சொல்கிறேன் என்றார். மண்டபம் ஊவென்றது. மூடிக் கிடக்கும் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையும் சொல்ல என்னால் ஏலாது என்றார். மறுபடி ஊவென்றது. "ஆனால் ஒரு நிபந்தனை. இல்லாத வீட்டுப் பிள்ளை உங்கள் மேசைக்கு வந்து தனக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. நீங்கள்தான் அந்த வீட்டுக்குப் போய், உங்கள் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு வரும்."

ஊவெனத் தயாராக எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டே, நல்ல ஆலோசனை, ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் போவது நடைமுறையில் கஷ்டம் என்றார்.

"என்ன கஷ்டம்?" என்றார் சேர். "நான் போன கிழமை போயிட்டு வந்தேன். பஸ் இருக்கு."

நான் கைதட்டிவிட்டேன். கட்சி மாறிவிட்டாயா என்று பக்கத்தில் இருந்தவர் முறைத்தார். அந்தச் சந்தடியில் பாக்கியக்கா எழுந்து நின்றார். இந்த வருடம் போகும் பிள்ளைக்குக் காசு உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்று தமிழிலேயே கேட்டார். சேர் மொழிபெயர்த்தார். இல்லை, இது வெறும் யோசனைதான், இப்போது போகிறவர்களுக்கும் அங்கே படிக்கிறவர்களுக்கும் ஒரு சதமும் இல்லை என்று அதிகாரி தன் இடத்திலிருந்தே சொன்னார்.

"மைக்குல சொல்லச் சொல்லுங்க சேர்."

அதிகாரி மைக்கில் சொன்னார்.

"தமிழ்ல."

சேர் மெதுவாகச் சொல்லிக் கொடுக்க, கொழும்பு அதிகாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் காசு இல்லை அம்மா" என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. பின்னாலிருந்து சத்தம் போட்ட குரலும் சேர்ந்துதான் தட்டியிருக்க வேண்டும். கூட்டம் கலைவதற்கு முன்பே, அம்மாவோடு வந்திருந்த நிரோஷினியைக் கூட்டிக்கொண்டு கீழே இன்டர்நெட் வசதியோடு இருந்த கொமினிகேஷன் கடைக்குப் போய் விண்ணப்பித்துவிட்டோம்.

அந்த யோசனை இன்னும் யோசனையாகவே கிடக்கிறது. நிரோஷினி கம்பஸுக்குப் போன காலையில் நாங்கள் எல்லோரும் மாத்தளை பஸ் நிலையத்தில் நின்றோம். ஹாஜியார் ஒரு பை நிறைய ஏலக்காயும் கிராம்பும் கொண்டுவந்திருந்தார். கம்பஸ் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு கிராம்பு என்று கேட்டதற்கு, பல்லு வலிச்சா என்ன செய்யும் என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளைக்கு ஆளுக்கொரு புத்தி சொல்லிக்கொண்டிருந்தோம். சேரும் பாக்கியக்காவும் மட்டும் அவளைப் பார்க்கவே இல்லை. கட்டணம் சரியா பிழையா என்று ஆளையாள் விரல் நீட்டி வாதாடிக்கொண்டிருந்தார்கள். பஸ் புறப்பட்டு நகர்ந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. இருவரும் பின்னாலேயே ஓடி, கையைக் காட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் முகமும் நனைந்திருந்தது.

பாக்கியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "சேர், அவுங்க எப்பவாச்சும் எம் புள்ளகிட்ட காசு கேட்டாங்கன்னா நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவேன். சொல்லிட்டேன்" என்றார்.

"வாங்கக்கா. ரெண்டு பேருமா போய் சண்டை போடுவோம்."

"நானும் வர்றேன்" என்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லைதான். ஆனாலும், அந்த மனிதர் சண்டைக்குப் போகும் பஸ்ஸில் நான் பக்கத்தில் இல்லாமல் எப்படி?